ஃபைனல் ஃபேண்டஸி பெட்டிக்குள் கால்பந்து: குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பிளேஸ்டேஷன் 5 கன்சோலுக்காக வாங்கிய ‘ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபர்த்’ வீடியோ கேம் பெட்டியில் பிளே டிஸ்க் இல்லாதது, அதை மாற்றித் தராமல் அலைக்கழிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் நான் பல வருடங்களாகப் பொருள் வாங்கிவருகிறேன். மிக்ஸி, செருப்பு, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என எதற்கும் இதுவரை புகார் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை முன்னிட்டாவது இதைக் கடைசிவரை படிப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசிப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

பொருளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விற்பவர்கள் நீங்கள். இந்த விளையாட்டு இரண்டு டிஸ்க்குகளில் வருகிறது என்பதும், ஒன்று டேட்டா டிஸ்க், மற்றொன்று பிளே டிஸ்க் என்பதும் உங்கள் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். டேட்டா டிஸ்க்கைப் போட்டுக் கன்சோலில் ஏற்ற வேண்டும். மொத்தம் 140 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கிற சமாசாரம் அது. ஏற்றி முடித்ததும் பிளே டிஸ்க்கைப் போடு என்று திரை கேட்கும். எனக்கும் கேட்டது. நானும் பெட்டியின் மறுபக்கத்தில் இருந்த டிஸ்க்கை எடுத்தேன். அது யாரோ விளையாடித் தீர்த்த ஒரு பழைய கால்பந்து விளையாட்டு. அதுவும் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கானது.

இதுதான் புகார். இதற்கு மேல் ஒரு வரிகூட எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்கக் கூடாது.

ஆனால் உங்கள் சேவை மையத்தில் ஒரு அம்மையார் இருக்கிறார். பெயர் சொல்ல மறுத்துவிட்டார். அழைப்பு பதிவாகிறது என்று தொடக்கத்தில் அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவைத் தயவுசெய்து ஒருமுறை கேளுங்கள். “பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். இருக்கிறது, ஆனால் ஒன்று வேறு என்றேன். “இரண்டு இருக்கிறது என்று வாடிக்கையாளரே உறுதிசெய்துவிட்டார்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார். விசைப்பலகைச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் மறுத்ததும், “கால்பந்து கூடுதலாகக் கிடைத்திருக்கிறதே சார், சந்தோஷப்படுங்கள்” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். வயதைக் கேட்டார். சொன்னேன். “இந்த வயதில் விளையாட்டுக்காக இவ்வளவு கோபமா?” என்றார். குளிர்சாதனப் பெட்டி பழுதானவரிடம் இந்த வயதில் ஐஸ்கிரீமா என்று கேட்பீர்களா? விலை 4,999 ரூபாய். பணம் கட்டும்போது என் வயது உங்களுக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

அவருக்கு முன்பு பேசிய ஒரு தம்பி நல்லவர். அதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இந்த விளையாட்டில் டிஸ்க் மாறிப்போன செய்தி ஒன்று இருக்கிறது, அதனால் டேட்டா டிஸ்க்கைப் பிளே டிஸ்க்காக நினைத்துப் போட்டுப் பாருங்கள் என்றார். அந்தச் செய்தி எனக்கும் தெரியும். 2024 பிப்ரவரி 29 அன்று விளையாட்டு வெளியானபோது, ஜப்பானிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் விற்ற பிரதிகளில் இரண்டு டிஸ்க்குகளின் மேலச்சும் இடம் மாறியிருந்தது. விளையாட்டைத் தயாரித்த ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு அறிவித்தது. பிளே என்று எழுதியிருந்தால் அது டேட்டா, டேட்டா என்று எழுதியிருந்தால் அது பிளே. அவ்வளவுதான் கதை. அந்தப் பிழையில் கால்பந்துக்கு எங்கும் இடமில்லை. இருந்தாலும் அந்தத் தம்பி தேடியாவது பார்த்தார். அவரிடமிருந்து என் புகாரைப் பிடுங்கி அந்த அம்மையாரிடம் கொடுத்தது யார்?

உங்கள் கிடங்கில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க துப்பறிவாளர் தேவையில்லை. யாரோ ஒருவர் இதை வாங்கி, பிளே டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கால்பந்தை உள்ளே வைத்து, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நீங்கள் திறந்து பார்க்காமல் அதைப் புதிது என்று எனக்கு விற்றிருக்கிறீர்கள். புதிய பெட்டியின் மேல் வழக்கமாக இருக்கும் மெல்லிய உறை இதில் இல்லை. அதற்குப் பதிலாக வாய்ப்பகுதியில் சாதாரண ஒட்டுநாடா. அதன் ஒரு முனையில் ஒட்டினவரின் நகக்கீறல் அப்படியே இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். ‘படம் தெளிவாக இல்லை’ என்று பதில் வந்தது. மறுபடி எடுத்து அனுப்பினேன். ‘இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்’ என்று வந்தது.

இனி அம்பத்தூர் விஷயத்துக்கு வருகிறேன்.

பொருளை நேரில் ஒப்படைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்லித் தொழிற்பேட்டை முகவரி ஒன்றைக் குறுஞ்செய்தியில் அனுப்பினீர்கள். குரோம்பேட்டையிலிருந்து அம்பத்தூர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்காது. அரை நாள் விடுப்புப் போட்டு, பஸ் மாறி, வெயிலில் நடந்து போனால், வாசலில் காவலர் “இங்கே லாரி மட்டும்தான் வரும், வாடிக்கையாளர் யாரும் வரமாட்டார்கள்” என்கிறார். குறுஞ்செய்தியைக் காட்டிக் கெஞ்சிய பிறகு உள்ளிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வடை. டேட்டா டிஸ்க்கை வாங்கி மேசைக் கணினியின் டிவிடி டிரைவில் போட்டார். அது ப்ளூரே டிஸ்க், அதில் ஓடாது என்று நான் சொல்வதற்குள் டிரைவ் இரண்டு முறை உறுமி நின்றது. “டிஸ்க் பழுது. வாடிக்கையாளர் கையில் பழுதானதைத் திருப்பி எடுக்க வழியில்லை” என்று தாளில் எழுதி என் கையெழுத்தைக் கேட்டார். போடவில்லை. டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை எண்ணெயோடு பதிந்திருந்தது. என்னிடம் இருந்த ஒரே சரியான டிஸ்க்கும் அப்படி ஆனது. கால்பந்து டிஸ்க்கை மட்டும் அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது நன்றாகத்தான் இருக்கிறது” என்றார்.

இந்த ஓர் அலைச்சலுக்கே நீங்கள் எனக்கு நஷ்டஈடு தர வேண்டும்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். இந்தத் தொடரில் ஒரு டிஸ்க் குறைவது என்றால் என்ன என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். 1997-இல் வந்த மூல விளையாட்டு மூன்று டிஸ்க். நின்டெண்டோவின் கார்ட்ரிட்ஜில் இடம் போதாது என்பதால்தான் ஸ்கொயர் (இன்றைய ஸ்கொயர் எனிக்ஸ்) அன்றைக்கு பிளேஸ்டேஷனுக்கே மாறியது. என் நண்பனின் அண்ணன் அதை பர்மா பஜாரில் வாங்கிவந்தார். பெட்டி இல்லை, புத்தகம் இல்லை, பிளாஸ்டிக் உறையில் மேலே மார்க்கர் பேனாவால் 1, 2, 3 என்று எழுதியிருந்தது. ஆனால் மூன்றும் இருந்தன ஐயா. ரசீதே தராத நடைபாதைக் கடைக்காரர் மூன்றையும் எண்ணிக் கொடுத்தார். வரியோடு சேர்த்துப் பணம் வாங்கிய உங்களுக்கு இரண்டுவரை எண்ண முடியவில்லை.

அந்த மூலத்தை மூன்று பாகங்களாகப் புதிதாக எடுக்கிறார்கள். அதில் முதலாவதாக 2020-இல் வந்த ‘ரீமேக்’, கதை தொடங்கும் மிட்கர் நகரத்தைவிட்டு வெளியேறுவதோடு நின்றுவிடும். மூலத்தில் சில மணி நேரத்தில் கடந்துபோகிற நகரத்தை ஒரு முழு விளையாட்டாக இழுத்துவிட்டார்கள் என்று பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அந்தச் சேரித் தெருக்களில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே ஆசை. அதன் தொடர்ச்சிதான் ரீபர்த். மூன்றாவது பாகம் உருவாகிக்கொண்டிருக்கிறது, அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்றுதான் என் வருடாந்திர விடுப்பையே இதற்காக ஒதுக்கினேன். அந்த விடுப்பு முழுவதும் உங்கள் காத்திருப்பு இசையைக் கேட்பதில் போனது. இலவச டெமோவில் வரும் நிபெல்ஹைம் கிராமத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கே ஒவ்வொரு கதவும் இப்போது எனக்கு மனப்பாடம். இந்த ஆண்டின் ஒரே சந்தோஷத்தை நீங்கள் பறித்துவிட்டீர்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

டவுன்லோடு செய்துகொள்ளலாமே என்று உங்கள் மேலாளர் ஒருவர் மின்னஞ்சலில் யோசனை சொன்னார். அதற்கு நான் தனியாக இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும் என்பதை அவர் குறிப்பிடவில்லை. டிஸ்க் வாங்குகிறவன் ஏன் டிஸ்க் வாங்குகிறான் என்று விற்கிறவர்களே யோசிப்பதில்லை. முடித்ததும் தம்பியிடம் கொடுக்கலாம், தேவைப்பட்டால் விற்கலாம், பத்து வருடம் கழித்து அலமாரியிலிருந்து எடுக்கலாம். 2025 ஜூனில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் வந்ததிலிருந்து ‘கேம்-கீ கார்டு’ என்று ஒன்று வருகிறது. அட்டை இருக்கும், உள்ளே விளையாட்டு இருக்காது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கொயர் எனிக்ஸின் பழைய விளையாட்டான பிரேவ்லி டிஃபால்ட்டின் மறுபதிப்புகூட அப்படித்தான் வந்தது. முழு விளையாட்டும் பெட்டிக்குள்ளேயே வருகிற காலம் முடிந்துகொண்டிருக்கும்போது, அப்படி வந்த ஒன்றிலும் பாதியை உங்கள் கிடங்கு தின்றுவிட்டது.

இன்னொன்று. இது என் புகாருக்குச் சம்பந்தமில்லாதது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு மிகவும் சம்பந்தமுள்ளது. புகார் கிடப்பில் கிடந்த நாட்களிலும் உங்கள் செயலி ‘கேமிங் செய்திகள்’ என்று காலையும் மாலையும் மணியடித்துக்கொண்டே இருந்தது. ‘கிளேர் அப்ஸ்க்யூர்’ என்ற விளையாட்டை ‘ஜப்பானிய ரோல்-பிளேயிங் விளையாட்டுகளின் புதிய அரசன்’ என்று அனுப்பினீர்கள். அது பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் உருவானது. யார் எழுதுகிறார்கள் இதையெல்லாம்? உண்மையில் அதிலிருந்து எழுத ஒரு நல்ல செய்தி இருந்தது. 2023-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 16 முழுக்க அதிரடிச் சண்டையாக மாறிவிட்டது. ஆளுக்கொரு முறை வைத்து, யோசித்து அடிக்கிற பழைய சண்டைமுறை இனிப் போணியாகாது என்று ஜப்பானிலேயே நினைக்கத் தொடங்கிய நேரத்தில், அதே முறையைக் கையிலெடுத்து 2025-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்துக் காட்டினார்கள். 1986-இல் தொடங்கிய ஜப்பானிய விளையாட்டுத் தொடரான டிராகன் குவெஸ்ட் இன்றுவரை அதை அநேகமாக விடவில்லை. இன்னொரு ஜப்பானிய விளையாட்டான பெர்சோனா 5 அதை வைத்தே உலகம் சுற்றியது. தாய்வீட்டில் கைவிட்டதை அயல்வீட்டில் எடுத்து வளர்த்திருக்கிறார்கள். ரீபர்த்தின் சண்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அது எனக்குப் பிடிக்கும், எதிரிக்கு முன் நேரத்தை மெதுவாக்கிக் கட்டளையைத் தேர்ந்தெடுக்கலாம். முழுமையாகச் சொல்ல என்னிடம் பிளே டிஸ்க் இல்லை.

அந்தச் செய்திப் பிழையையாவது மன்னிக்கலாம். ரீபர்த்தின் முடிவைத் தலைப்பிலேயே போட்டு என் கைபேசித் திரையில் அனுப்பினீர்களே, அதை எப்படி மன்னிப்பது? 1997-இன் மூலக் கதையில் ஏரித் என்ற பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பது உலகத்துக்கே தெரியும். இந்த முறை அது மாறுமா, மாறாதா என்பதுதான் ரீபர்த்தை முழுவதும் இழுத்துச் செல்கிற கேள்வி. பதிலை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் ஊழியர்களில் விளையாடாதவர் யாராவது இருக்கக்கூடும். அவருக்கு நான் செய்கிற மரியாதையை நீங்கள் எனக்குச் செய்யவில்லை. டிஸ்க்கைத் தராமல் வைத்துக்கொண்டு கதையை மட்டும் வீட்டுக்கு அனுப்புகிற நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நிற்க. ‘நாங்கள் விற்பனைத் தளம் மட்டுமே, விற்பனையாளர் வேறு’ என்ற பதிலைத் தயவுசெய்து மறுபடியும் அனுப்பாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தக் குறைதீர்ப்பு அலுவலர் நீங்கள்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என் கைபேசியில் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பொருளுக்குக் கட்டணமே கிடையாது என்பதும் தெரியும். ஒட்டுநாடாவின் படம், அம்பத்தூர் குறுஞ்செய்தி, கால்பந்து டிஸ்க் மூன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அங்கெல்லாம் போக எனக்கும் விருப்பமில்லை. பெரிதாக எதையும் கேட்கவில்லை. உறை பிரிக்காத புதிய பெட்டி ஒன்று, அல்லது முழுப் பணம். அம்பத்தூர் போய்வந்த செலவும், அரை நாள் சம்பளமும். அந்த அம்மையாரிடமிருந்து எழுத்தில் ஒரு வருத்தம். விடுப்புக்கும் மனஉளைச்சலுக்கும் என்ன தருவது என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன். ஆணையத்துக்குப் போனால் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்து கேட்பதாக இல்லை.

தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாடிக்கையாளர்,
குரோம்பேட்டை, சென்னை.

பி.கு.: மாற்றுப் பெட்டி அனுப்பினால், கொண்டுவருபவர் முன்னிலையிலேயே திறந்து இரண்டு டிஸ்க்கையும் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவேன். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று அவசரப்படுத்தக் கூடாது. கால்பந்து டிஸ்க்கை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அதற்கு ரசீது வேண்டும்.