மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்து வந்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாரடைப்பு, பக்கவாதம் இரண்டைப் பற்றியும் உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்? அரிதுதான், ஆனால் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர், வலது கை கால் வராமல், வாய் கோணி, பேச்சும் போய் வந்தார். பக்கவாதம் என்று மட்டும்தான் வீட்டார் சொன்னார்கள். அவரோ இடது கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஈசிஜி எடுத்த பிறகுதான் மாரடைப்பும் இருப்பது தெரிந்தது.

இதில் சிக்கலே, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆபத்தாகலாம் என்பதுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசியை மாரடைப்புக்குப் போடும் அளவு, பக்கவாதத்துக்குப் போடுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூளையில் அடைப்பு உள்ளவருக்கு அவ்வளவு போனால் உள்ளே ரத்தம் கசியலாம். கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் பக்கவாதத்துக்கு ஆகவே ஆகாது. சரி, இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைக்கலாம் என்றால் அதற்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வேண்டும், அதிலும் அதே பயம். முதலில் பக்கவாதத்துக்குரிய அளவில் அல்டிபிளேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசி, அப்புறம் தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்பது 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். பக்கவாத ஊசிக்கு, பக்கவாதம் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ஆனால் பிரஷர் சரிந்துகொண்டே போகிறவருக்கு இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து நின்று முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அருமையான திட்டம். கொடுக்கும் முன், பக்கவாத அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, ஒருமுறை சிரிக்கச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, பேர் என்ன என்று கேட்டுவிடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. வாய் கோணியிருந்தால் மாத்திரை புரையேறும். அதைவிட முக்கியம், அப்படி அறிகுறி உள்ளவருக்கு மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று சிடி ஸ்கேனில் பார்க்காமல், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுக்கக் கூடாது. 108-இல் ஏற்றினால் சிடி ஸ்கேனும், ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும், வழியிலேயே போன் செய்து இதய டாக்டர், நரம்பியல் டாக்டர் இருவரையும் வரவழைக்க வேண்டும். சுகாதாரத் துறை இதை எழுத்து மூலமான உத்தரவாகவே போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டாருக்கும் ஒன்று: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்போம். யோசித்து, சரியான நேரத்தைச் சொல்லுங்கள், ஊசி போடலாமா வேண்டாமா என்பதே அதை வைத்துத்தான்.

இப்படிக்கு,
ஒரு நர்ஸ், திருச்சி மாவட்டம்