உறுதிமொழிக் கடிதத்தை மீளப் பெறுங்கள்: மகளின் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு தாயின் மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். விடுதி மாணவிகள் தண்ணீர் கேட்டு உங்கள் அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்ததையும், அதன்பின் பெற்றோரான எங்களை அழைத்ததையும் நீங்களே அறிவீர்கள். அன்று எங்களிடம் நீட்டிய உறுதிமொழிக் கடிதத்தை மீளப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரில் முன்பள்ளி ஆசிரியை. காலை ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும் என்றதால், முதல்நாள் பின்னேரமே துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடியில் இரவு பஸ் பிடித்து வந்தேன். 'என் பிள்ளை எந்தப் போராட்டத்திலும் பங்குபற்றாது. மீறினால் நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் உடன்படுகிறேன்' என்று தாளில் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன் என்னிடம் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போடாட்டி புள்ளைய நிப்பாட்டிப் போடுவாங்களோ?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் போட்டார். நான் போடவில்லை.

பிள்ளைகள் ஏன் உட்கார்ந்தார்கள்? விடுதியின் தண்ணீர் மோட்டர் எரிந்த நாளிலிருந்து மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. விடியற்காலையில் எழும்பி, கீழ்க் குழாயடியில் வரிசையில் நின்று, வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். ஒரு வாளியில் குளிப்பா, உடுப்புத் துவைப்பா, கழிவறைக்கா? மாதவிடாய் நாட்களில் என் மகள் வெளியே அறை எடுத்திருக்கும் சிநேகிதியிடம் போய்விடுகிறாள். இதையெல்லாம் அவர்கள் விடுதிப் பொறுப்பாளருக்கு எழுதினார்கள், அப்புறம் உங்களுக்கும் எழுதினார்கள். ஒரு வரி பதில் வரவில்லை. ஒரு பின்னேரம் உட்கார்ந்தார்கள். அடுத்தநாள் காலை பவுசரில் தண்ணீர் வந்தது. போராடி என்ன பயன் என்று எங்களிடம் கேட்டீர்கள். அந்தப் பவுசரை அனுப்பியவர்கள் நீங்கள்தான்.

எனக்கும் பயம் இருக்கிறது. சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மருத்துவபீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். 2017இல் அதை மூட அரசாங்கம் முடிவெடுத்தது. ஆனால் இழந்த மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ட கண்டதற்கெல்லாம் வகுப்பைப் பகிஷ்கரிப்பதை நான் ஏற்கமாட்டேன். 1976 நவம்பர் 12இல் பேராதனையில் வீரசூரிய என்ற மாணவன் பொலிஸ் சூட்டில் செத்ததும் மறக்கிற விஷயமில்லை. எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் உங்கள் தாள் எங்களிடம் கையொப்பம் வாங்குகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேசவும் அமைதியாகக் கூடவும் உரிமை தருகிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டமே மாணவர் ஒன்றியத்துக்கு இடம் வைத்திருக்கிறது. சட்டம் பிள்ளைக்குக் கொடுத்ததைத் தாய் எப்படி எழுதிக் கொடுப்பாள்?

2023இல் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் இருந்தபோது பல்கலைக்கழகப் பிள்ளைகள் அவர்களோடு போய் நின்றார்கள். சிலர் கைதாகிப் பிணையில் வந்தார்கள். அதனால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் மாட்டுக்காரரின் துயரம் தங்களுக்கும் உரியது என்று படித்த பிள்ளைகள் வந்து நின்றது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

பகிடிவதையைத் தடுக்க 1998இலேயே சட்டம் வந்தது. புதுமுக மாணவரை முழங்காலில் நிறுத்துகிறவர்களின் பெற்றோரை எத்தனை தரம் அழைத்திருக்கிறீர்கள்? தண்ணீர் கேட்டவர்களுக்கு மட்டும் ஏன் இந்த வேகம்?

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். உங்கள் வேலையும் இலேசானதல்ல, புது மோட்டருக்குப் பணம் கேட்டு நீங்களும் மேலே எழுதிக் காத்திருக்கக் கூடும். அப்படியானால் அதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட பெற்றோரின் கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள். உறுதிமொழியை மீளப் பெற்றுவிட்டோம் என்று எழுத்தில் அறிவியுங்கள். அடுத்த மாதம் பரீட்சை தொடங்குகிறது. அதற்கு முன் இதைச் செய்து தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி மாணவி ஒருத்தியின் தாய்,
மண்டூர்