ஈஸ்ட் ஹாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே?

போன ஞாயிறு பேசும்போது நீங்கள் பாதியிலேயே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். தம்பி பிறகு சொன்னான். லண்டனில் குற்றம் அதிகமுள்ள பகுதிகள் என்று ஏதோ பட்டியலில், நான் இருக்கும் ஈஸ்ட் ஹாம் சேர்ந்த நியூஹாம் பேரைப் பார்த்ததிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லையாம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன், எதையும் மறைக்காமல்.

முதலில் ஏற்கெனவே மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் போன் கெட்டுவிட்டது என்று சொன்னேன் அல்லவா? கெடவில்லை. பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடைபாதை ஓரமாக நின்று மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி, நல்ல வெளிச்சம், சுற்றிலும் ஜனம். பின்னாலிருந்து மின்சார சைக்கிள் சத்தமே இல்லாமல் வந்தது. வெடுக்கென்று ஓர் இழுப்பு. என் விரல்கள் இன்னும் போனைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன, அவன் அடுத்த தெருவில் திரும்பிவிட்டான். கறுப்பு ஜாக்கெட்டைத் தவிர எதுவும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை அப்பா, சத்தியமாக. ஆனால் அன்றைக்கு ராத்திரி உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது, பேசவில்லை. அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

போலீசில் புகார் கொடுத்தேன். ஒரு வழக்கு எண் தந்தார்கள், இன்ஷூரன்ஸுக்கு அது வேண்டும். அதன்பின் நடந்ததைத்தான் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் நீங்கள் பார்த்த பட்டியலும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இங்கிலாந்து போலீஸ் 2011-லிருந்து தெருவாரியாகக் குற்ற வரைபடம் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் தன் தெருப் பேரைப் போட்டு, எந்த மாதத்தில் எத்தனை திருட்டு, எத்தனை அடிதடி என்று பார்க்கலாம். இரண்டு மாதம் கழித்து நான் பார்த்தேன். என் போனும் அதில் ஒரு புள்ளியாக இருந்தது! ஆனால் நான் நின்ற இடத்தில் இல்லை, பக்கத்தில் உள்ள குடியிருப்புத் தெருவில் இருந்தது. பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அருகில் உள்ள ஏதாவது ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்தித்தான் குறிக்கிறார்கள். அந்தத் தெருவில் வீடு பார்க்கும் யாரோ அதைப் பார்த்துப் பயந்திருக்கலாம். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

இன்னொன்று. ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம் என்று கணக்குப் போடுகிறார்களே, அந்த ஆயிரம் பேர் அங்கே குடியிருப்பவர்கள். லண்டனின் நடுவில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டரைப் பாருங்கள். 2021 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் ஏறக்குறைய 2,04,000 பேர்தான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டுக்கும் நாடக அரங்குகளுக்கும் தினமும் வந்துபோகும் கூட்டத்துக்கு அளவே இல்லை. சுற்றுலா வந்தவர் பர்ஸைப் பறிகொடுத்தால் அது அங்கே வசிப்பவர்களின் கணக்கில் ஏறிவிடுகிறது. லண்டன் பட்டியல்களில் வெஸ்ட்மின்ஸ்டர் மேலே நிற்பதற்கு இது பெரிய காரணம். நியூஹாமிலும் ஸ்ட்ராட்ஃபோர்டில் பெரிய ரயில் நிலையமும் வணிக வளாகமும் இருக்கின்றன. அங்கே நடப்பதும் 3,51,000 பேர் வசிக்கும் இந்தப் பரோவின், அதாவது நம் ஊர் மாநகராட்சி மாதிரியான நிர்வாகப் பகுதியின், தலையில்தான் விழுகிறது. நான் இருப்பது அங்கிருந்து சில மைல் தள்ளி, வரிசை வீடுகள் உள்ள தெருவில்.

அதற்காகப் பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்திக்குத்து இந்த நகரத்தின் பெரிய துக்கம். அதில் சாகிறவர்கள் பலர் இளம் பையன்கள். ஒரு விளக்குக் கம்பத்தில் பூங்கொத்துகளும் பள்ளிச் சீருடை போட்ட ஒரு பையனின் போட்டோவும் கட்டியிருந்ததைப் பார்த்தேன். மழையில் போட்டோவின் ஓரம் சுருண்டிருந்தது. தம்பி வயதுதான் இருக்கும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனசு கனத்துவிடுகிறது.

எனக்கு நேரடியாக உள்ள ஆபத்து போன் பறிப்பும் வீடு புகுந்து திருடுவதும்தான். நம் ஆட்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். தீபாவளி சமயத்தில் போலீசே எச்சரிக்கை கொடுக்கிறார்கள். ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த வளையல்களை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். எனக்கு இங்கே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய செயின் போதும்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. என் ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனில் இறங்க ஒன்பதரை ஆகும். பூங்கா ஓரமாகக் குறுக்கு வழி இருக்கிறது, ஐந்து நிமிடம் மிச்சம். அதில் போவதில்லை. கடைகள் திறந்திருக்கும் பெரிய சாலையிலேயே நடந்து, கடைசியில் மட்டும் எங்கள் தெருவுக்குள் திரும்புகிறேன். போன் பைக்குள், காதில் எதுவும் கிடையாது. அவசரம் என்றால் 999, அவசரமில்லாத புகாருக்கு 101. வாய் திறந்து பேச முடியாத நிலை என்றால், மொபைலில் 999 அடித்து, அவர்கள் கேட்கும்போது 55 அழுத்தினால் போலீசுக்கு இணைப்பார்கள். இதை வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், 35 வருடமாக இதே தெருவில் இருக்கிறார். நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் அவர் வீட்டு மாடித் திரை கொஞ்சம் விலகும். நான் கையசைத்த பிறகுதான் மூடும். இதுவரை ஒருநாள்கூடத் தவறியதில்லை. எந்த வரைபடத்திலும் அந்தத் திரை இல்லை அப்பா.

ஜன்னலுக்குக் கம்பி இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் கிடையாது. தீப்பிடித்தால் தப்பிக்க வழி வேண்டும் என்கிறார்கள். பூட்டு இருக்கிறது, சாவியை ஜன்னலில் விடாமல் எடுத்து வைக்கிறேன். வாசல் கதவில்தான் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சாத்தினால் தாழ் விழுந்துவிடும், அதோடு பூட்டிவிட்டது என்று நினைத்து இரண்டு மாதம் அப்படியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உண்மையில் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் கதவின் பக்கவாட்டில் மேலும் கீழும் உள்ள கொக்கிகள் சட்டத்துக்குள் போய் மாட்டும். அதன்பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். இதையும் அந்த அம்மாதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுகிறேன். அம்மாவிடம் கொடுத்துவிடாமல் நீங்களே பேசுங்கள். கதவுப் பக்கம் போனைக் கொண்டுபோய்ப் பூட்டிக் காட்டுகிறேன், அந்தக் கொக்கி விழும் சத்தம் உங்களுக்கும் கேட்கும்.

அன்புடன்,
உங்கள் மகள்