சுமைக்கூலிக்கு ஒரு வரி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் மாதம் நெருங்கினாலே பழங்குடியினர் நலத் திட்டங்களைப் பற்றி 'நிதி செலவிடப்படவில்லை' என்றோ, 'நிதியில் முறைகேடு' என்றோ செய்தி வருகிறது. கோத்தகிரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். என் அனுபவத்தில், இந்த இரண்டுக்கும் வேர் பல நேரம் ஒன்றுதான். எஸ்டிமேட் போடுகிற அன்றைக்கே தவறு நடந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறும்பர் ஊருக்கு அரசு மானியத்தில் குடிநீர்த் தொட்டி கட்டினோம். தார்ச் சாலை முடிகிற இடத்திலிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர் இறக்கத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டம் தாண்டினால் காட்டுப் பாதை. ஜீப்கூடப் போகாது. சமவெளியில் கட்டிய ஒரு தொட்டியின் எஸ்டிமேட்டை அப்படியே பார்த்து எழுதி அனுமதி வாங்கியிருந்தோம். சிமென்ட் விலை இருந்தது, கம்பி விலை இருந்தது, கொத்தனார் கூலி இருந்தது. சுமைக்கூலி மட்டும் இல்லை. 50 கிலோ மூட்டையை இரண்டாகப் பிரித்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாகத் தலையில் வைத்து இறக்கினார்கள். ஜல்லியும் மணலும் வந்து சேர்வதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. தொட்டிக்கு மூடி போடவில்லை. குழாய் ஊருக்குள் வரவில்லை.

சுமந்தவர்களுக்குக் கொடுக்க எந்தச் செலவுத் தலைப்பிலும் பணம் இல்லை. பயிற்சி முகாமுக்கென்று இருந்த தொகையை எடுத்துக் கொடுத்தோம். கூலி கொடுத்தது நியாயம். முன் அனுமதி வாங்காமல் தலைப்பை மாற்றியது தவறு. தணிக்கையில் ஆட்சேபணை வந்தது, அடுத்த தவணை நின்றது. முகாமும் நடக்கவில்லை, தண்ணீரும் வரவில்லை. அந்த வவுச்சரை எழுதியது என் கை. இன்றும் மனசு உறுத்துகிறது.

ஆண்டுக் கடைசியில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்குக்கு மாறானது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே சொல்கின்றன. ஆனால் பிப்ரவரியில் பணம் கைக்கு வந்து, மார்ச் 31-க்குள் முடி என்றால் கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை கட்டட வேலை ஓடாது. மலையின் பருவத்தைப் பார்க்காமல் போடும் பட்ஜெட், அவசர பில்லில்தான் போய் முடியும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் தொன்மைப் பழங்குடி இனத்தார் ஆறு பிரிவினருமே நீலகிரியில் வாழ்கிறார்கள். 2023 நவம்பரில் இத்தகைய மக்களுக்காக மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்துக்கு நாடு முழுவதற்கும் 24,104 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாநில அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென்று 2024-இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. பணம் ஒதுக்குவதில் மனம் இருக்கிறது. தோடரின் ஊரான மந்துக்கும் பணியரின் ஊரான பாடிக்கும் ஒரே எஸ்டிமேட் பொருந்தாது என்பதுதான் இன்னும் காகிதத்தில் ஏறவில்லை.

கிராம சபையில் பேசலாமே என்பார்கள். சபை கூடுவது பெரிய ஊரில். காட்டோர ஊர்க்காரர் ஒருநாள் கூலியை விட்டு, யானை நடமாடும் பாதையில் நடந்து வர வேண்டும். பழங்குடிப் பகுதிகளுக்கென அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், பழங்குடி ஊர்ச்சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டு பேசா சட்டமும் இங்கு கிடையாது. ஆகவே அதிகாரிகள்தான் ஊரைத் தேடிப் போக வேண்டும்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. அடுத்த ஆண்டுக்கான எஸ்டிமேட்டை அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பாகவே அந்தந்த ஊர் முற்றத்தில் உட்கார்ந்து, ஊர்த் தலைவரான மூப்பன் முன்னிலையில் வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். சாலை எங்கே முடிகிறது, அங்கிருந்து எத்தனை நடை என்று எழுதி, சுமைக்கூலிக்குத் தனித் தலைப்பு போடுங்கள். தலைப்பு மாற்ற வேண்டியிருந்தால் டிசம்பருக்குள் கேட்கவும், ஜனவரிக்குள் பதில் கிடைக்கவும் வழி செய்யுங்கள். அந்தக் குறும்பர் ஊரின் மூடியில்லாத தொட்டிக்கும் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்காளர்,
கோத்தகிரி.