படிப்பகக் கணினிகள் மீண்டும் ஓட நன்கொடை வேண்டுகோள்

உள்ளூரிலும் வெளியூரிலும் கடல் கடந்தும் வாழும் நம் ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் படிப்பகக் குழுவின் பணிவான வணக்கம்.

ஐப்பசி அடைமழையில் படிப்பகத்தின் மேல்தளம் ஒழுகி, எட்டுக் கணினிகளில் ஆறு நனைந்துபோனது தாங்கள் அறிந்ததே. அவற்றில் தேறிய பாகங்களைக் கொண்டு நான்கு கணினிகளை எழுப்பும் வேலை பாதியில் நிற்கிறது. தை 15க்குள் இன்னும் 33,300 ரூபாய் சேர்ந்தாக வேண்டும்.

இந்திய நூலகத்துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892ல் பிறந்தது நம் சீர்காழியில். 1931லேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்தக் காவிரி மண்ணில்தான் நம் பெரியவர்கள், களத்துமேட்டில் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் எடுத்து இந்தப் படிப்பகத்தைக் கட்டினார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் தென்னந்தோப்புகளையெல்லாம் சாய்த்தபோதும், குடிசை இழந்த குடும்பங்கள் ஒண்டியது இதன் திண்ணையில்தான். கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியில் ஏடு தொடங்கிய நம் பிள்ளைகள் பேப்பர் படிக்கப் பழகியதும் இங்கேதான்.

ஆறையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒன்று 35,000 என்றாலும் ஆறுக்கு 2,10,000 ரூபாய். அதற்கு நமக்கு வழியில்லை, தேவையும் இல்லை. நனைந்த இரவில் மெயின் அணைந்திருந்ததால் சிப்புகள் கருகவில்லை. ஆனால் எல்லாப் பாகங்களும் மாட்டும் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு 3 வோல்ட் பேட்டரி அணைவதில்லை. ஈரத்தில் அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பிடித்து, நான்கு போர்டுகள் போய்விட்டன, இரண்டுதான் மிச்சம். கணினியின் மூளையான பிராசசர்கள் ஆறும் நல்லபடியாக உள்ளன. நினைவகச் சில்லான ரேமில் ஐந்து தேறியது: அதன் விளிம்பில் இருக்கும் உலோகப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நம் பிளஸ் டூ பிள்ளைகளே எடுத்து வைத்திருக்கிறார்கள். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாதென்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்தப் பெட்டிகளைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

நம் பழைய பிராசசருக்கு, அது உட்காரும் 1155 என்ற வகை சாக்கெட் உள்ள போர்டுதான் பொருந்தும். தஞ்சாவூர்க் கடைக்காரர் இரண்டு போர்டுகளை நமக்காக ஒதுக்கி வைத்திருப்பது தை 15 வரைதான்.

போர்டு இரண்டுக்கு 5,200. எஸ்எம்பிஎஸ் நான்குக்கு 4,400. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான எஸ்எஸ்டி நான்குக்கு 9,600. யுபிஎஸ் பேட்டரிக்கு 4,000. கீபோர்டு, மவுஸ் 2,800. மெக்கானிக் கூலி 4,000. ஒயரிங், எர்த் 6,500. மேல்தளத்துக்குத் தட்டோடு பதிக்க 38,000. இதைச் செய்யாமல் கணினியை மட்டும் சரிசெய்தால் அடுத்த மழையில் பழைய கதைதான். ஆக மொத்தம் 74,500. கையில் இருப்பது 41,200. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், அதற்குப் பதிலாக மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையே போடுகிறோம், அது இலவசம்.

இந்த 41,200 ரூபாயும் லேசில் வந்ததல்ல. சிங்கப்பூரில் இருக்கும் கீழத்தெருத் தம்பிகள் ஓவர்டைம் பணத்தை ஒன்றாகத் திரட்டி அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒரு மாதப் பென்ஷனில் பாதியை எண்ணிக் கொடுத்தார். நடவு முடித்துக் கரையேறிய தாய்மார்கள், சேற்றுக்கையை வாய்க்காலில் கழுவிவிட்டு முந்தானையில் முடிந்திருந்த நூறையும் ஐம்பதையும் தந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிப் பிள்ளைகள், மளிகைக்கடை அண்ணாச்சி, எஸ்டிடி பூத் காலத்திலிருந்தே நமக்குத் துணை நிற்கும் மாற்றுத்திறனாளி அண்ணன், எல்லோருக்கும் குழு கைகூப்பி நன்றி சொல்கிறது. நீங்கள் போட்ட ஒவ்வொரு ரூபாயும் எங்கள் தலைமேல் இருக்கிறது.

இன்னும் 60 தலைக்கட்டுகள் கொடுக்கவில்லை. பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டது, டிஎன்பிஎஸ்சி ஹால்டிக்கெட் எடுத்தது, என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிந்தது, எல்லாம் இந்த அறையில்தான். இங்கே விண்ணப்பம் போட்டு இன்று அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் யார் யாரென்று ஊருக்கே தெரியும். பெயர் சொல்லிக் கேட்கிற நிலைக்கு எங்களைக் கொண்டுவர வேண்டாம். திருவிழா வாணவேடிக்கைக்குக் கணக்குப் பார்க்காத கை, பிள்ளைகள் படிப்புக்கு மடங்கலாமா?

பணமாகத் தர இயலாதவர்கள் பொருளாகத் தரலாம். 2011 முதல் அரசு கொடுத்த லேப்டாப்கள் பழுதாகிப் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. லேப்டாப் ரேம் நம் மேசைக் கணினியில் உட்காராது. ஆனால் அதிலுள்ள சாட்டா வகை ஹார்ட் டிஸ்க் நம் கணினியின் அதே கேபிளில் மாட்டிக்கொள்ளும். உங்கள் படங்களையும் சான்றிதழ்களையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த பிறகே டிஸ்க்கை அழிப்போம்.

தலைக்கட்டுக்கு 500 ரூபாய் என்று கூட்டத்தில் முடிவானது. கூடுதலாகத் தருவது அவரவர் மனம். பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளவும். வரவு செலவு ஞாயிறுதோறும் படிப்பக வாசல் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர்