மாமனாரின் வெள்ளையணுக்கள்: மகனுக்கு ஒரு கடிதம்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்தேன். மாமாவுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) இரண்டாவது முறையும் திரும்பியிருக்கும்போது டாக்டர் கார்-டி சிகிச்சை பற்றிப் பேசியது சரிதான். கூடவே அனுப்பிய கிரிஸ்பர் (மரபணுவைத் திருத்தும் முறை) செய்தியை மட்டும் ஒதுக்கி வை. 2025 மே மாதம் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்குச் செய்ததாக வந்தது கல்லீரல் நொதி ஒன்றின் மரபணுத் திருத்தம். கொழுப்புத் துகளில் அடைத்து ரத்தத்தில் விட்டால் பெரும்பகுதி கல்லீரலில் போய்ச் சேரும் என்பதால் அது கைகூடியது. மாமாவின் கட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கார்-டியில் அவருடைய டி செல்களையே (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணு) வெளியே எடுத்து, செயலிழக்க வைத்த ஒரு வைரஸ் மூலம் புது மரபணுவை உள்ளே ஏற்றி, பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவில்தான் அவருடைய புற்றுநோய்; அதன் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தை அந்தச் செல்கள் அடையாளம் கண்டு தாக்கும். அமெரிக்காவில் முதல் அனுமதி 2017 ஆகஸ்டில் கிடைத்தது; அன்றைய விலை 4,75,000 டாலர். ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் வளர்த்தெடுத்த நம் நாட்டுக் கார்-டியான நெக்ஸ்கார்19-க்கு இங்கே 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. 30 முதல் 40 லட்சம் ரூபாய் வரை என்று அப்போது பேச்சு. ஐசியு, ரத்தம், மருந்து எல்லாம் தனிக்கணக்கு. காப்பீட்டுக்காரர்கள் போனில் சொல்வதை நம்பாதே; உச்சவரம்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கு.

மரபணு ஏற்றும் வேலையை நினைத்து நீ தூக்கம் கெட வேண்டாம், அதை லேப் பார்த்துக்கொள்ளும். காரியம் கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும்தான்.

செல் எடுக்கும் நாள் வரை அவர் உடம்பில் என்ன மருந்து போகிறது என்பதுதான் முதல் கவலை. கட்டியை அடக்க பெண்டாமஸ்டின் என்ற கீமோ மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், கார்-டி டீமிடம் கேட்காமல் சம்மதிக்காதே. அது டி செல்களை மாதக்கணக்கில் நலிய வைக்கும். நலிந்த செல் லேபில் சரியாகப் பெருகாது. ஸ்டீராய்டும் அப்படித்தான். செல் எடுப்பதற்குக் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம், இருக்கக்கூடாது. தெருமுனை கிளினிக்கில் மூச்சிரைப்புக்குப் போடும் ஒரு ஊசியில்கூட டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். மருமகளிடம் சொல்லி வை. ஆனால் அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செல் எடுப்பது ரத்தத்திலிருந்து வெள்ளையணுவைப் பிரிக்கும் ஏஃபெரிசிஸ் மெஷினில், மூன்று முதல் ஐந்து மணி நேரம். 62 கிலோ உடம்பில் ரத்தம் நாலேகால் லிட்டர் இருக்கும். அதையே இரண்டு மூன்று சுற்று சுற்றவிடுவதால் மெஷின் வழியாக 10 லிட்டர் போல ஓடும். கடைசியில் பையில் நிற்பது ஒரு டம்ளர் சொச்சம். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டோரம் குறுகுறுவென்று இருக்கும், விரல்நுனி மரக்கும். அப்போதே சொன்னால் வேகத்தைக் குறைத்து கால்சியம் கொடுப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் சரியாகும். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் கை விறைத்து இழுக்கும். தலைமையாசிரியராக இருந்த மனுஷன், அவராக வாயைத் திறக்கமாட்டார். பக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

பிறகு மூன்று நான்கு வாரம் காத்திருப்பு. செல் போதிய அளவு பெருகாமல் போகலாம், கிருமிச் சோதனையில் நிற்கலாம். அப்படியானால் மறுபடி எடுக்க வேண்டிவரும். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடு.

செல் ஏற்றுவதற்கு முன் மூன்று நாள் கீமோ உண்டு: ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்ஃபமைடு. புதுச் செல்களுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கத்தான். ஃப்ளூடராபின் சிறுநீரகம் வழியாகப் போகிற மருந்து. அவருக்கு இருபது வருஷச் சர்க்கரை; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.5 என்று போட்டிருக்கிறது. அளவைக் குறைத்தார்களா என்று கேள். ஹெபடைட்டிஸ் பி-க்கு, பழைய தொற்றைக் காட்டிக்கொடுக்கும் கோர் ஆன்டிபாடியும் பார்த்திருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் எனக்குத் தென்படவில்லை. பழைய தொற்று உள்ளே பதுங்கியிருந்தால் இந்தச் சமயத்தில் கிளம்பும்.

இன்னொன்று. அந்தக் கீமோவுக்குப் பிறகு அவருக்கு ஏற்றும் ரத்தம், பிளேட்லெட் எல்லாம் கதிர்வீச்சு பாய்ச்சியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்தவரின் வெள்ளையணு அவர் உடம்பையே தாக்கலாம். சொந்தக்காரர் ரத்தத்தில் அந்த ஆபத்து அதிகம். நம் ஆட்கள் பாசத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். கொடுக்கட்டும், ஆனால் அது பொது இருப்புக்குப் போகட்டும்.

செல் ஏற்றுவது பார்க்கச் சப்பென்று இருக்கும். திரவ நைட்ரஜனில் உறைந்த சின்னப் பை வரும். பெயரையும் எண்ணையும் இருவர் சத்தமாகப் படித்துச் சரிபார்த்து, 37 டிகிரி தண்ணீரில் உருக்கி, அரை மணிக்குள் ஏற்றிவிடுவார்கள். வெள்ளையணுவை வடிக்கும் ஃபில்டர் அந்த டிரிப்பில் இருக்கவே கூடாது. இருந்தால் அத்தனை லட்சமும் ஃபில்டரோடு போகும். அறை முழுக்கப் பூண்டு வாசம் அடிக்கும். உறைபதனத்துக்குச் சேர்த்த டிஎம்எஸ்ஓ அது, பயப்பட வேண்டாம்.

நிஜமான வேலை அதற்கப்புறம்தான். பெரும்பாலும் முதல் பதினைந்து நாளுக்குள் காய்ச்சல் வரும். செல்கள் பெருகிச் சண்டை போடும்போது கொட்டும் சைட்டோகைன் என்ற புரதங்கள்தான் காரணம், ஆனால் இந்த ஊரில் டெங்குவோ வேறு கிருமியோ என்றும் பார்த்தாக வேண்டும். 38 டிகிரி தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான். ரத்த அழுத்தம் இறங்கினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ அந்தச் சைட்டோகைனின் வேகத்தை அடக்கும் டோசிலிசுமாப் கொடுப்பார்கள்: கிலோவுக்கு 8 மில்லிகிராம், அவர் எடைக்கு 500-ஐ ஒட்டி. மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று செல் ஏற்றுவதற்கு முன்னாடியே கேட்டுவை. இரவில் தேட முடியாது.

மூளையைப் பாதித்தால் டோசிலிசுமாப் அவ்வளவாக உதவாது, அங்கே ஸ்டீராய்டுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிமையானது. தினமும் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு பரீட்சை: வருஷம், மாதம், ஊர், ஆஸ்பத்திரி, மூன்று பொருளின் பெயர், சொன்னதைச் செய்வது, 100-லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவது, ஒரு வாக்கியம் எழுதுவது. கடைசியதுதான் குடும்பத்தின் கண்ணுக்கு முதலில் படும். ஒரே நோட்டில், ஒரே வாக்கியத்தை, தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். முத்து முத்தான கையெழுத்து அவருக்கு. வரி சரிந்தால், எழுத்து குறுகினால், புள்ளி விட்டுப்போனால், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், பேச்சு தெளிவாக இருந்தாலும் நர்ஸிடம் காட்டுங்கள். காலை ஏழு மணிக்கு எழுதியதும் இரவு ஏழுக்கு எழுதியதும் அடுத்தடுத்து இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் செங்கல்பட்டு வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டாம். ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் ராத்திரி எப்படி வருவது? நான்கு வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார். எட்டு வாரம் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது. அமெரிக்காவில் 2025-இல் அதை இரண்டு வாரமாகக் குறைத்திருக்கிறார்கள்தான். எழுபது வயசுக்காரருக்கு நான் பழைய கணக்கையே சொல்வேன்.

ஒரு மாதத்தில், கட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன். கட்டி சுருங்கியவர்கள் எல்லோருக்கும் அது அப்படியே நிலைப்பதில்லை. மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விமான டிக்கெட் இன்னும் போடாதே. லேபிலிருந்து செல் தயார் என்று தகவல் வந்த பிறகு, ஏற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிற மாதிரி போடு. லீவு இருபது நாளாவது வேண்டும். மருமகளுக்கு ராத்திரி டியூட்டி மாற்றிவிட ஆள் தேவைப்படுவது அப்போதுதான். நோட்டு நான் வாங்கி வைத்துவிட்டேன், கோடு போட்டது.

அம்மா