சமையலறைக்குத் தனி லைன் வேண்டும்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பழைய அடுக்குமாடி வீடுகளின் சமையலறையில் பெரும்பாலும் ஒரே ஒரு 16 ஆம்ப் பாயிண்ட்தான். அதை மைக்ரோவேவ் பிடித்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் மிக்ஸிக்கென வைத்த 6 ஆம்ப் பாயிண்டில், பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் செருக உதவும் கன்வெர்ட்டர் பிளக்கோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ போட்டு ஓடுகிறது. எங்கள் கவலை அதைப் பற்றித்தான்.

230 வோல்ட்டில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்ப் இழுக்கும். 1500 வாட் கெட்டில் 6.5. காலை அவசரத்தில் இரண்டும் சேர்ந்தால் 15.2. அந்த லைனில் 16 ஆம்ப் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது விழாது, ஏனென்றால் அதன் அளவை மின்சாரம் தாண்டவே இல்லை. ஆனால் 6 ஆம்ப் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி சூடேறித் தளரும். தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். எம்சிபி விழவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் வீட்டில்தான் இது நடக்கிறது. சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறினாலோ பிளக் கைக்குச் சுட்டாலோ அன்றே அதை மாற்ற வேண்டும்.

அடுத்தது ஷாக். எம்சிபி மனிதரைக் காப்பாற்றாது. அதற்கு, மின்கசிவை உணர்ந்து உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். விழவில்லை என்றால் அது வெறும் சுவிட்ச்தான், மாற்றிவிடுங்கள். கிரைண்டரைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் அதன் பிளக்கைக் கழற்றச் சொல்லிவிட்டு எர்த்தைப் பாருங்கள். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால், எர்த் கம்பி மண்ணில் இறங்கும் எர்த் குழியின் மின்தடை ஏறும், தண்ணீர் ஊற்ற வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக்காற்றில் எர்த் இணைப்பே அரித்துப்போகும்.



சங்கத்திடம் நாங்கள் கேட்பது இது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு வீட்டின் சமையலறையையும் பாருங்கள். இண்டக்‌ஷனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், தனி எம்சிபி, 16 ஆம்ப் சாக்கெட் போடச் சொல்லுங்கள். சுவருக்குள் இருக்கும் பைப்பில் கம்பி நுழைய இடமில்லை என்றால் சுவரின் மேலேயே கேசிங் கேப்பிங் (கம்பியை உள்ளே வைத்து மூடும் பட்டை) அடிக்கலாம். அழகு கெடும் என்று அதைத் தடுக்கும் விதி உங்கள் சங்கத்தில் இருந்தால், அடுத்த பொதுக்குழுவிலேயே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் வீட்டு மின்பணி செய்வோர் சிலர்